கேம் ஷாஃப்ட் மாற்றிய மாதம்

என் கணவர் தன் லாரியைத் தொட என்னை விட்டதில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை கேபினைப் பெருக்கலாம் என்று ஏறினேன். சீட்டின் மேல் விரித்திருந்த துண்டை உதறி மடித்து வைத்ததற்கு அன்று முழுவதும் திட்டினார். அதன் பிறகு ஆயுத பூஜையன்று பொட்டு வைக்க மட்டும், கீழே நின்றபடியே கையை நீட்டுவேன். அந்த லாரிதான் அவருக்கு வீடு. கோலார் தங்கச் சுரங்கப் பகுதியில், மைசூர் மைன்ஸில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் அவர் குளிக்கவும் சாப்பிடவும் வந்து போகிற இடம். கோலார் மண்டியில் தக்காளி ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போவார். திரும்பும்போது கிடைத்ததை ஏற்றி வருவார். நான் காலை ரயிலில் பெங்களூர் போய், ஒரு ரெடிமேட் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துவிட்டு இருட்டிய பிறகு வீட்டுக்கு வருவேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை.

ஒரு தடவை சென்னையிலிருந்து திரும்பும்போது, பேர்ணாம்பட்டு மலை ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் போனது. முதல் கியரிலேயே நகர்த்தி நகர்த்தி எப்படியோ வீடு கொண்டுவந்து சேர்த்தார். எங்கள் குவார்ட்டர்ஸ் லைன் கடைசியில் இருக்கும் வெட்டவெளியில் அவர் வண்டியை நிறுத்தியபோது அந்தச் சத்தத்தை நானும் கேட்டேன். யாரோ உள்ளே உட்கார்ந்து சுத்தியால் தட்டிக்கொண்டே இருப்பதுபோல இருந்தது. மெக்கானிக்குகளை அவர் எப்போதும் நம்பியதில்லை. காலையில் தானே பிரித்துப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் படுத்தார். காலையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் முகம் கழுவப் போனவர் அங்கேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். வாய் கோணிக்கொண்டது. வலது கையும் காலும் அவர் சொன்னபடி கேட்கவில்லை.

கோலாரில் ஆஸ்பத்திரி, பிறகு வீட்டில் எண்ணெய்த் தேய்ப்பு, பிறகு தடி. பேச்சு திரும்பி வந்தது. கால் அரைகுறையாக வந்தது. கை வரவில்லை. நான் வேலையை விட்டுவிட்டேன். அவருக்குச் சட்டைப் பொத்தான் போட, சோற்றைப் பிசைந்து வைக்க, கழிப்பறைக்குக் கூட்டிப் போக ஆள் வேண்டியிருந்தது. லாரி அதே இடத்தில் நின்றது. அதன் டயருக்கடியில் நாய் குட்டி போட்டது.

என் கொழுந்தன் பக்கத்திலேயே ஆண்டர்சன்பேட்டையில் இருந்தார். ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவ்வப்போது வந்து, வண்டியைப் பழைய இரும்பாகக் காய்லாங்கடைக்குப் போட்டுவிடலாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போவார். ஒரு நாள் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்தார். மெக்கானிக் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கேட்டுவிட்டு, எஞ்சினையே கழற்றி ஷெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், முழுசாகப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். என் கணவர் தடியைத் தூக்கிக்கொண்டு அவரை அடிக்கப் போனார். கொழுந்தன் தலையிலடித்துக்கொண்டு அந்த ஆளை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் போன பிறகு என் கணவர் வெகுநேரம் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். சரியாகச் சொன்னால், என் கையைப் பார்த்தார்.

"என் கை பூட்ச்சு," என்றார். "உனக்கு ரெண்டும் கீதில்ல."

அப்படித்தான் நான் எஞ்சின் பிரிக்க ஆரம்பித்தேன்.

எனக்கு இரும்பு புதிதில்லை. கம்பெனியில் என் தையல் மிஷின் மக்கர் பண்ணும்போது அங்கிருக்கும் மெக்கானிக் வருவதற்குள் நானே கழற்றி மாட்டிவிடுவேன். ஆனால் இது வேறு. முதல் நாள், எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவரின் நட்டுகளைக் கழற்றுவதற்குள் என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அவர் முக்காலியில் உட்கார்ந்து இடது கையால் தடியை நீட்டி நீட்டிக் காட்டினார். எந்த ஸ்பேனர் என்று சொல்வார். நான் தவறானதை எடுத்தால் வாயில் வந்ததைப் பேசுவார். லைனில் எல்லா வீட்டுக்கும் கேட்கும். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவருக்குச் சில வார்த்தைகள் நாக்கில் வராது. சாவியைச் சட்டி என்பார், ஆயிலைத் தண்ணீர் என்பார். வசவு மட்டும் ஒன்றுகூடத் தப்பவில்லை.

கவரைத் தூக்கியதும் உள்ளே கரி பிடித்த தார்போல ஒரு கசடு அப்பியிருந்தது. விரலால் வழித்துப் பார்த்தேன். ஆயில் மாற்றி எவ்வளவு காலம் ஆகிறது என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கச் சொன்னார். அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னதிலிருந்தே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

ஒரு வால்வின் ஸ்பிரிங் உடைந்திருந்தது. ஒவ்வொரு வால்வுக்கும் வெளியே ஒரு பெரிய ஸ்பிரிங், அதற்குள் ஒரு சின்னது. பெரியது இரண்டு துண்டாகக் கிடக்க, சின்னதின் தயவில் அந்த வால்வு இத்தனை தூரம் ஓடி வந்திருந்தது. அதோடு முடியவில்லை. எஞ்சினைக் கம்பி போட்டு மெதுவாகத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். மேலே ராக்கர்கள் வரிசையாகத் தலையாட்டின, ஒன்று குனிய ஒன்று நிமிர. ஒன்று மட்டும் பாதிதான் அசைந்தது. மறுபடி திருப்பச் சொன்னார். மறுபடியும் பாதிதான்.

"கேம் தின்னுட்ச்சு," என்றார். அதைச் சொல்லும்போது குரலில் கோபமில்லை. வீட்டில் யாரோ தவறிய செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

கேம் ஷாஃப்ட் என்பது எஞ்சினின் வயிற்றுக்குள் படுத்திருக்கும் தண்டு. அதன் மேல் முட்டை வடிவில் மேடுகள் இருக்கும். தண்டு சுற்றச் சுற்ற ஒவ்வொரு மேடும் தனக்கு மேலே இருக்கும் டேப்பெட்டைத் தூக்கும். டேப்பெட் ஒரு குச்சியைத் தூக்கும், குச்சி ராக்கரை அசைக்கும், ராக்கர் வால்வைத் திறக்கும். மேடு தேய்ந்துவிட்டால் வால்வு சரியாகத் திறக்காது, எஞ்சின் மூச்சு விட முடியாமல் திணறும். இதையெல்லாம் அவர் எனக்குச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு எதையாவது உட்கார வைத்து விளக்கியது அதுதான் முதல் தடவை.

பங்காருபேட்டைக்குப் போய் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நானே சாமான் வாங்கினேன். கேம் ஷாஃப்ட், ஸ்பிரிங்குகள், இடுக்குகளில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் செட். கடைக்காரர் கன்னடமும் தமிழுமாகப் பேசுபவர். யாருக்கு என்று கேட்டார். எங்கள் வண்டிக்கு என்றேன். மெக்கானிக் யார் என்றார். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை, வீட்டுக்காரர் என்றேன். டேப்பெட்டும் புதிதாகப் போட வேண்டும், பழைய டேப்பெட் புதுக் கேமைக் கடித்துவிடும் என்று அவர் சொன்னதால் அதையும் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் பையைக் கொட்டச் சொல்லி, டேப்பெட்டுகளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதைத்தான் சொல்ல மறந்து அனுப்பியிருந்தார்.

ரேடியேட்டர், ஃபேன், முன்பக்கக் கவர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். வால்வுகள் உட்கார்ந்திருக்கும் மேல்பாகமான ஹெட் என்னால் தூக்க முடியாத கனம். பக்கத்து லைனில் வெல்டிங் வேலை பார்க்கும் வீட்டிலிருந்து மூன்றுகால் ஸ்டாண்டும் கனம் தூக்கும் செயின் பிளாக்கும் இரவல் வாங்கினோம். என் பக்கத்து வீட்டுப் பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒத்தாசைக்கு வந்தாள். புத்தர் படம் மாட்டிய வீடு அவளுடையது. அவள் தாத்தா சுரங்கத்தில் இருந்த காலத்திலேயே புத்த மதத்துக்குப் போனவர்கள். கம்பெனிக்கு நானும் அவளும் ஒரே ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். என்னைவிடச் சின்னவள், அக்கா என்பாள். அவள் செயினை இழுக்க, நான் ஹெட்டை ஆடாமல் பிடிக்க, அது ஒரு பெருமூச்சோடு எஞ்சின் பிளாக்கை விட்டுப் பிரிந்து மேலே வந்தது. என் கணவர் அவளையும் திட்டினார். அவள் சிரித்துக்கொண்டே, "ஐயோ, இவுருக்கு வாய் மட்டும் நல்லா ஓடுதுக்கா," என்றாள். என்னால் அப்படிச் சிரிக்க முடிந்ததில்லை.

எங்கள் ஊர்க் காற்றுதான் பெரிய தொல்லை. வெயில் ஏறினால் சுரங்கக் கழிவு மலைபோலக் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைப் புழுதி கிளம்பும். வாய் திறந்து கிடக்கும் எஞ்சினுக்குள் அந்தப் புழுதி ஒரு சிட்டிகை போனாலும் செய்த வேலையெல்லாம் வீண். நான் என் பழைய நூல் புடவைகளை நனைத்துப் பிழிந்து எஞ்சினை மூடினேன். வேலை செய்யும் இடத்தை மட்டும் விலக்கிக்கொள்வேன். துணி காய்ந்ததும் மறுபடி நனைப்பேன். தண்ணீர் வராத நாளில் குடத்தில் பிடித்து வைத்ததைத்தான் அதற்கும் செலவழித்தேன். என் கணவருக்குப் பொறுமை போய்விடும். ஆனால் புடவையைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

பழைய கேமை வெளியே இழுத்த அன்று அவர் தூங்கவே இல்லை. அது இரண்டு முழ நீளம். உள்ளே அதைத் தாங்கும் புஷ்களைக் கீறாமல் நேராக இழுக்க வேண்டும். வெளியே வந்ததும் மடியில் வைத்துத் துடைத்தேன். மற்ற மேடுகள் பளபளவென்று இருக்க, ஒன்று மட்டும் சப்பையாகத் தேய்ந்து, எலி கடித்த வெல்லக்கட்டிபோல இருந்தது. அவர் அதை வாங்கி இடது கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு ஹெட்டைச் சாக்கின் மேல் வைத்து ஸ்பிரிங்குகளை மாற்றினேன். கிளாம்ப் வைத்து ஸ்பிரிங்கை அமுக்கினால், வால்வின் கழுத்தைப் பிடித்திருக்கும் பிறைபோன்ற இரண்டு சின்ன லாக்குகள் தளரும். அவற்றை எடுத்துவிட்டு மெதுவாகக் கிளாம்பைத் தளர்த்த வேண்டும். பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்தேன். உடையாதவைகூடச் சோர்ந்து குட்டையாகியிருந்தன. வால்வுகளை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. சொரசொரப்பான பேஸ்ட் தடவி, குச்சியைக் கடைவதுபோல உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி, ஒவ்வொரு வால்வையும் அதன் இருக்கையில் அரைக்க வைத்தார். பிறகு மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்தோம். கசிந்ததை மறுபடி அரைத்தேன். ராத்திரி சோறு பிசையும்போது என் கை தானாகவே உருட்டிக்கொண்டிருக்கும்.

திரும்ப மாட்டும்போது ஒரு தடவை கிளாம்ப் வழுக்கியது. ஒரு லாக் தெறித்து மண்ணில் எங்கோ போய் விழுந்தது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அது இல்லாமல் வேலை நடக்காது. நான் மண்டிபோட்டுத் தேடினேன். அவர் எழுந்து நின்று கத்தினார். மலடி என்ற வார்த்தையை அன்று முதல்முறையாகச் சொன்னார். அதுவரை அவர் அம்மாகூடச் சொன்னதில்லை. நான் தலை தூக்காமல் மண்ணைத் துழாவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் வீட்டுக்குள் போய் மாவுச் சல்லடையை எடுத்து வந்தாள். அவள் மண்ணை அள்ளிப் போட, நான் சலித்தேன். சாயங்காலம் சல்லடையில் அது கிடைத்தது. கழுவித் துடைத்து மாட்டினேன். அவர் அதற்குள் வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார். நான் நீட்டிய சல்லடையை அவள், "வேற சல்லட வாங்கிக்கறன், இத்த நீங்களே வச்சிக்கங்கக்கா," என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

இதையெல்லாம் சொல்கிறவள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மாதத்தில் நான் சந்தோஷமாகவும் இருந்தேன். இதைச் சொல்லத்தான் எனக்குக் கசக்கிறது. காலையில் எழுந்ததும் அவர் எனக்காகக் காத்திருந்தார். நான் டீ போட்டு முடிப்பதற்குள் இன்றைக்கு என்ன வேலை என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார். சாப்பிடும்போதுகூட எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார், ஆனால் என்னிடம் பேசினார். புதுக் கேமுக்கு ஆயில் பூசி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைத்து, அது எங்கும் இடிக்காமல் கடைசி வரை வழுக்கிப் போய் உட்கார்ந்தபோது, "பரவால்ல," என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் ஓட்டினேன். இன்னொரு நாள் டேப்பெட் இடைவெளி சரிபார்க்கும்போது மெல்லிய தகட்டை என் கையிலிருந்து வாங்கியவர், என் விரல்களைப் பார்த்து நின்றார். நகமெல்லாம் கருத்து, தோல் வெடித்திருந்தது. "ஆம்பள கை மாரி ஆயிட்ச்சு," என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் அந்த நினைப்பும் வந்தது. கேஸ்கெட் ஒன்று சரியில்லை என்று மறுபடி பங்காருபேட்டை போன அன்று, ஒரு டிரைவிங் ஸ்கூலில் நுழைந்து, பெண்களுக்கு ஹெவி லைசென்ஸ் கொடுப்பார்களா என்று கேட்டேன். ஏன் கொடுக்க மாட்டார்கள் என்றார் அங்கிருந்தவர். முதலில் சின்ன வண்டி பழகி அதற்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும், அதற்கப்புறம் ஒரு வருஷம் போக வேண்டும், அவ்வளவுதான் என்றார். அதுவரைக்கும் சம்பளத்துக்கு ஒரு டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம், நான் பக்கத்தில் உட்கார்ந்து பாதை பழகிக்கொள்ளலாம் என்று ரயிலில் வரும்போது கணக்குப் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை. வண்டி ஓடட்டும், அப்புறம் சொல்லலாம் என்றிருந்தேன்.

டைமிங் வைக்கும் இடத்தில் அவருக்கு என் மேல் நம்பிக்கை போதவில்லை. கிராங்க் கியரின் பல்லில் ஒரு புள்ளி இருக்கும், கேம் கியரில் இரண்டு. அந்த ஒன்று இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார வேண்டும். பல் ஒன்று தள்ளிப்போனால் வால்வு பிஸ்டனில் இடித்து எல்லாம் நொறுங்கும். அவரால் அவ்வளவு குனிந்து பார்க்க முடியவில்லை. நான் பார்த்துச் சரியாக இருக்கிறது என்றேன். கண்ணாடியைப் பிடித்துக் காட்டினேன். அவருக்குக் கண்ணாடியில் தெரியவில்லை. முன்கவரை மூடாதே என்று சொல்லிவிட்டுத் தம்பிக்குப் போன் பண்ணினார். கொழுந்தன் வேனோடு வந்து, வெள்ளைச் சட்டை அழுக்காகாமல் குனிந்து, விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "கரெக்டா கீது அண்ணா," என்றார். அவர் விரல் வைத்தது கேம் கியரில் இல்லை, டீசல் பம்ப்பின் கியரில். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் கணவர் நிம்மதியாகி, மூடச் சொன்னார். மூடினேன்.

ஸ்டார்ட் பண்ணுகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் அவர் வாங்கிவரச் சொல்லியிருந்தார். டீசல் குழாயில் அடைத்திருந்த காற்றை வெளியே எடுத்தேன். பேட்டரி சார்ஜ் ஏற்றி மாட்டினேன். கேபினில் ஏற அவரால் முடியவில்லை. முயற்சி செய்து, படியில் கால் வழுக்கி, நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் தாங்கிப் பிடித்தோம். நான் ஏறட்டுமா என்று கேட்டேன். அவர் தம்பியைப் பார்த்தார். கொழுந்தன் ஏறினார்.

முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவை வெள்ளைப் புகை கக்கியது. அதற்கடுத்த தடவை பிடித்துக்கொண்டது. புகை கருத்து, பிறகு மெலிந்து, பிறகு சத்தம் சீரானது. அந்தத் தட்டல் இல்லை. எதுவும் கூடுதலாகவோ குறைவாகவோ இல்லை. நான் பம்பரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அதிர்வு முழங்கை வரை ஏறியது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

லைனில் இருந்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். சுரங்கத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் என் கணவரின் தோளைத் தட்டி, ஒற்றைக் கையால் எஞ்சினை எழுப்பிவிட்டாரே என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அப்படியே ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒற்றைக் கை, ஒற்றைக் கை. ஒரு மாதமாகத் தங்கள் வாசலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஜனங்கள். என் கணவர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் மட்டும், "அக்காதான்யா பண்ணாங்க," என்றாள். அவள் குரல் எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, அல்லது கேட்காததுபோல இருந்துவிட்டார்கள்.

கொழுந்தன் வண்டியை ஆண்டர்சன்பேட்டை வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார். இறங்கிச் சாவியை அண்ணனிடம் நீட்டினார். என் கணவர் அதை வாங்காமல், அவர் விரல்களை மடக்கிச் சாவியோடு மூடினார்.

"நீயே வச்சிக்க. இனிமே நீ ஓட்டு. பேரும் மாத்திக்கலாம்."

நான் கையிலிருந்த கந்தலோடு அங்கேயே நின்றிருந்தேன். கொழுந்தன் என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

எல்லோரும் போன பிறகு, சோறு போட்டு வைத்துவிட்டுக் கேட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நம்பளுக்கு யாரு கீறாங்க? அவனுக்கு ரெண்டு பசங்க. வண்டி எங்க ஆளுங்ககிட்டதான் இருக்கணும்."

"அப்ப நான் யாரு?"

"நீ இன்னா, லாரி ஓட்டப் போறியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். டிரைவிங் ஸ்கூலில் விசாரித்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அதுதான் என் வாயை அடைத்தது. நான் ஒரு மாதம் அவருடைய வலது கையாக இருந்தேன் என்று சொன்னால், அது வெறும் பேச்சில்லை. அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். கையிடம் போய் யாராவது யோசனை கேட்பார்களா? நான் சோற்றைப் பிசைந்து கொடுத்தேன். அவர் சாப்பிட்டார்.

வண்டி கொழுந்தன் பேருக்கு மாறியது. நான் மறுபடி கம்பெனியில் சேர்ந்தேன். பழைய மிஷின் கிடைக்கவில்லை, பொத்தான் துளை போடும் இடத்தில் உட்கார வைத்தார்கள். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் சோற்றைப் பிசைந்து தட்டில் மூடி வைத்துவிட்டு, சட்டைக்குப் பொத்தானுக்குப் பதில் ஒட்டும் பட்டை தைத்துக் கொடுத்துவிட்டுப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக்காரர் யாராவது வந்தால், கேம் மாற்றிய கதையை அவர் சொல்வார். ஒவ்வொரு வேலையும் வரிசை தவறாமல் வரும். பிரித்தது, அரைத்தது, சல்லடையில் சலித்தது எல்லாம் வரும். "பிரிச்சன், போட்டன், சலிச்சன்" என்றே போகும். நான் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று கேட்பேன். நான் நிற்பது அவருக்குக் கூச்சம் தரவில்லை. அவர் பொய் சொல்வதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒரு வருஷம் முடிவதற்குள் ஒரு நாள் காலை, நான் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது, லைன் கடைசியில் லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தட்டல் இருந்தது. பழையதைவிட மோசம். கொழுந்தன் உள்ளே வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். அளவுக்கு மேல் பாரம் ஏற்றினாராம், இடைவிடாத நடையாம், ஆயில் மாற்ற நேரமே கிடைக்கவில்லையாம். மெக்கானிக் ஷெட்டில் கேட்டால் வாரக்கணக்கில் ஆகும் என்கிறார்களாம். என் கணவர் தம்பியை ஒரு வார்த்தை திட்டவில்லை. முகத்தில் ஒரு தெளிவுகூட வந்தது. அறைக்கு வெளியே நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"புடவய நனச்சி எடுத்துக்கினு வா. பிரிச்சிடலாம்."

"எனக்கு ஷிப்ட் கீது," என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். ஒரு மாதம் லீவு போட்டுவிடச் சொன்னார். கொழுந்தன், "அண்ணி, நீங்க கை வச்சா ஆயிடும்," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தது அன்றுதான். எஞ்சின் ஓடிய அன்று அதை எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தால் நான் அந்தக் கணமே புடவையை இடுப்பில் செருகியிருப்பேன். வண்டி உங்கள் ஆட்களுடையது, உங்கள் ஆட்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் அவர் கத்துவது லைன் தாண்டும்வரை கேட்டது. பழைய வார்த்தையும் அதில் இருந்தது. இந்தத் தடவை அது என் முதுகில் பட்டு விழுந்தது.

ரயிலில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். நல்லா பண்ணிங்கக்கா என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெயித்ததுபோலவும் இல்லை. பங்காருபேட்டை வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த எஞ்சினைக் கெடுத்ததற்காகக் கொழுந்தன் மேல் எனக்கு வந்த கோபம், எனக்குச் சாவி தராததற்கு வந்த கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஒவ்வொரு வால்வும் மண்ணெண்ணெய் கசியாமல் நின்றது எனக்குத் தெரியும்.

லாரி மழைக்காலம் முழுவதும் அங்கேயே நின்றது. கொழுந்தன் பள்ளிக்கூட வேனுக்கே திரும்பினார். கடைசியில் ஆம்பூரிலிருந்து வண்டி உடைக்கிறவர்கள் வந்து, கம்பி கட்டி இழுத்துப்போனார்கள். நான் வேலைக்குப் போயிருந்த நாள். அவர் வெளியே வரவில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். நான் வீட்டுக்கு வந்தபோது விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். மத்தியானத் தட்டு மூடியபடியே இருந்தது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

"பசிக்கல," என்றார். பிறகு, "நீ அன்னிக்கு வந்திருந்தா ஆயிருக்கும்," என்றார்.

"ஆயிருக்கும்," என்றேன்.

நான் விளக்கைப் போட்டுவிட்டு, அரிசி கழுவப் போனேன்.